வலெட்டாவில் எட்டு மணி நேரம்

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புறக்கோட்டையில் நடக்கும் வெளிநாட்டவர்களைக் கண்டிருப்பீர்கள். காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுவார்கள். அந்தச் சொற்ப நேரத்தில் ஓர் ஊரில் எதைத்தான் பார்க்க முடியும் என்று எண்ணத் தோன்றும். மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மால்டாவின் தலைநகர் வலெட்டாவை வைத்து இக்கேள்விக்கு விடை தேடலாம். அங்கு இறங்கும் பயணிகளில் மிகப் பலருக்கும் எட்டு அல்லது ஒன்பது மணி நேரமே கிடைக்கிறது.

முதலில், கப்பல் துறைமுகத்தினுள் நுழையும்போது தூங்கிவிடக் கூடாது. அதிகாலையில் மேற்தளத்திற்கு ஏறி நின்றால் வலப்புறத்தில் சென்ட் எல்மோ கோட்டையும் இடப்புறத்தில் ரிக்காசோலி கோட்டையும் நெருங்கி வரும். இரண்டுக்கும் இடையே புகுந்ததும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் மதில்கள் செங்குத்தாக எழுந்து நிற்கும். ஊர் எதற்காகக் கட்டப்பட்டது என்பது அந்த மதில்களைப் பார்த்தாலே விளங்கும்.

1522 இல் றோட்ஸ் தீவை உஸ்மானியரிடம் இழந்த சென்ட் ஜோன் வீரர் சபையினர் 1530 இல் மால்டாவுக்கு வந்தனர். 1565 இல் உஸ்மானியப் படை இத்துறைமுகத்தை முற்றுகையிட்டது. மே மாதம் தொடங்கிய போர் செப்டெம்பரில்தான் ஓய்ந்தது. புகழ்பெற்ற கடற்றளபதி துர்குத் றெயிஸ் இங்கேதான் உயிரிழந்தார். முற்றுகை தோற்றதும், மறுபடியும் அவர்கள் வருவார்கள் என்ற அச்சத்தில், 1566 மார்ச்சில் வீரர் சபைத் தலைவர் ழோன் டி வலெட் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். நகரின் பெயர் அவருடையது. தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் நேர்கோட்டில் அமைந்திருப்பதால் வழி தவறுவது கடினம். நேரம் குறைந்தவருக்கு இதைவிட வசதியான பழைய நகரம் வேறில்லை எனலாம்.

இறங்குதுறையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் 58 மீற்றர் உயரமான லிப்ட் ஒன்று மதிலின் உச்சிக்கு ஏற்றிவிடும். மேலே பூங்கா. நண்பகலில் அதன் கீழ்த்தளத்தில் பீரங்கி முழங்கும். பயணிகள் கூட்டமெல்லாம் அங்கேதான். அடுத்து சென்ட் ஜோன் தேவாலயத்திற்குச் சென்று, 1608 இல் கரவாஜியோ தீட்டிய பேரோவியத்தைக் கண்டு, கோப்பி குடித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவது வழக்கமான சுற்று. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நம் மாணவியர் அங்கு போனால் காணக்கூடிய வேறொன்று உண்டு. அதற்கு நுழைவுச்சீட்டும் தேவையில்லை.

தெருமுனையில் உள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'திரிக்' என்று எழுதியிருக்கும். தெரு என்பது பொருள். குர்ஆன் மத்ரஸாவில் நாம் படித்த 'தரீக்' தான் அது. வாசல் அங்கே 'பீப்'. வீடு 'தார்'. பாண் 'ஹொப்ஸ்'. துறைமுகம் 'மர்ஸா'. வலெட்டாவை உள்ளூர்வாசிகள் அப்பெயர் சொல்லி அழைப்பது குறைவு. அவர்களுக்கு அது 'இல்-பெல்த்', அதாவது 'அல்-பலத்', நகரம். கத்தோலிக்க நாடான மால்டாவில் தேவாலயத்தில் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் 'றந்தான்'. நமது றமழானின் திரிபு. வெள்ளிக்கிழமை 'இல்-ஜிம்ஆ'. பெரிய வெள்ளி 'இல்-ஜிம்ஆ ல்-கிபீரா'. பெரிய ஜும்ஆ!

கி.பி. 870 இல் வட ஆபிரிக்காவின் அக்லபித் ஆட்சியாளர் இத்தீவைக் கைப்பற்றினர். 1091 இல் நோர்மானியர் வந்தனர். எனினும் முஸ்லிம்கள் உடனே மறையவில்லை. அருகிலுள்ள கோஸோ தீவின் அரும்பொருட்காட்சியகத்தில் மைமூனா என்ற பெண்ணின் மீஸான் கல் இருக்கிறது. அவர் வபாத்தானது ஹிஜ்ரி 569, ஷஃபான் 16. கி.பி. 1174. நோர்மானியர் வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் ஒரு தந்தையின் பெயரோடு மகளின் பெயரும் பிஸ்மியும் கூஃபி எழுத்தில், பழைய உரோமானியச் சலவைக்கல் ஒன்றின் பின்புறத்தில் செதுக்கப்பட்டன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முஸ்லிம் சமூகம் அங்கிருந்து அகற்றப்பட்டது. மொழி மட்டும் தங்கிவிட்டது. பிற்காலத்தில் இத்தாலியச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் ஏராளமாகக் கலந்தன. இன்று அது ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றே.

நம் முன்னோர் தமிழைப் பேசி, அதை அரபு எழுத்தில் எழுதினர். அதுவே அரபுத் தமிழ். மால்டா மக்களோ அரபின் வழிவந்த மொழியைப் பேசி, உரோமர் எழுத்தில் எழுதுகின்றனர். நம்மிடம் மார்க்கத்தோடு சொற்கள் வந்தன. அங்கே மார்க்கம் போன பின்பும் சொற்கள் நின்றன.

கசப்பான பக்கமும் உண்டு. வீரர் சபையின் கப்பல்களில் துடுப்பு வலித்தோரில் பலர் கடலில் பிடிபட்ட முஸ்லிம் அடிமைகள். அவர்களை அடைக்கும் சிறைக்கூடம் வலெட்டாவில் இருந்தது. 1798 இல் நெப்போலியன் வந்தபோதே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். மறுபுறத்தில், 1551 இல் உஸ்மானியப் படையினர் கோஸோவின் மக்களை ஏறக்குறைய முழுமையாக அடிமைகளாகக் கொண்டு சென்றதையும் மறைக்கக் கூடாது. வழிகாட்டிகள் முற்றுகையின் வீரக்கதையைச் சொல்லும்போது இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மைமூனாவின் கல்லைப் பார்க்க ஆசை வரும். வலெட்டாவிலிருந்து கோஸோவுக்கு விரைவுப் படகில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து கோட்டைக்குப் பஸ். கடல் கொந்தளித்தால் படகு நிற்கலாம். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தனியே போனவருக்காகக் காத்திருக்காது. ஆகவே கப்பல் இரவு வரை நிற்குமானால் மட்டும் கோஸோவுக்குப் போகலாம். இல்லாவிட்டால் வலெட்டாவே போதும். தொழ விரும்புவோருக்கு, துறைமுகத்தின் உட்கோடியை அடுத்த பாவ்லா நகரில் மர்யம் அல்-பதூல் பள்ளிவாசல் இருக்கிறது. மால்டா ஷெங்கன் நாடாகையால் நம் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும் என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

மாலையில் சங்கு ஊதி நங்கூரம் எடுக்கும்போது மதில்கள் மறுபடி தேன் நிறமாகும். கரையில் பாண் விற்பவர் வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பார்: வீஹெத், த்னேன், த்லீதா.