ஆங்கிலத்தின் சிறுசொற்களும் தமிழின் இடைச்சொல்லும்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். பெரிய சொற்களில் மாணவர்கள் மிகுதியாகப் பிழை செய்வதில்லை. ‘சுற்றுச்சூழல்’, ‘பொருளாதாரம்’ போன்றவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்களைத் தேடிக் கற்று எழுத்துப் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். சிவப்பு மை விழும் இடங்களைப் பார்த்தால், அங்கே இருப்பவை பெரும்பாலும் சில எழுத்துகளே கொண்ட ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘டு’, ‘பை’, ‘வித்’ என்னும் சிறுசொற்கள்.

‘கத்தியால் ஆப்பிளை வெட்டினேன்’ என்று கருதும் மாணவர், ‘ஐ கட் தி ஆப்பிள் பை எ நைஃப்’ என எழுதுகிறார். ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று அவர் மனப்பாடம் செய்த பட்டியல் சொல்கிறது. ஆசிரியர் ‘பை’யை அடித்து ‘வித்’ என்று திருத்துகிறார். காரணம் சொல்லப்படுவதில்லை. அடுத்த வாரமும் அதே பிழை வருகிறது. இதனைக் காணும் பெற்றோருள் சிலர், வீட்டில் தமிழ் பேசுவதே குழந்தையின் ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்று முடிவு செய்கின்றனர். அம்முடிவு சரியானதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

மூன்று பிரிவுகள், ஒரு பெயர்

ஆங்கில இலக்கணம் இச்சிறுசொற்களை மூன்றாகப் பிரிக்கும். பெயருக்கு முன்நின்று இடம், காலம், கருவி முதலிய உறவுகளைக் காட்டுபவை முன்னிடைச்சொற்கள். சொல்லையோ தொடரையோ இணைப்பவை இணைப்பிடைச்சொற்கள். வியப்பு, அவலம் முதலிய உணர்ச்சிகளை வெளியிடுபவை வியப்பிடைச்சொற்கள்.

இம்மூன்று பெயர்களிலும் ‘இடைச்சொல்’ என்பது பொதுவாக இருத்தலைக் காண்க. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஏழாம் இயல் இடையியல். தனித்து இயங்கும் ஆற்றலின்றிப் பெயரையும் வினையையும் சார்ந்து நின்று பொருளை விளக்குவதே இடைச்சொல் என்பது நம் மரபின் கொள்கை. வேற்றுமை உருபுகளும் ‘உம்’ முதலியனவும் உணர்ச்சிக் குறிப்புச் சொற்களும் இவ்வொரு கூரையின் கீழ் அடங்குகின்றன. ஆகவே தமிழ் மாணவர்க்கு இப்பாடம் முற்றிலும் புதியதன்று. நிற்கும் இடந்தான் வேறு. தமிழில் உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் முன்னே தனியே நிற்கும். மலாய் அறிந்த நம் மாணவர்க்கு இதுவும் பழகியதே. ‘வீட்டில்’ என்பதை அவர்கள் ‘டி ருமா’ என்றும், ‘சந்தைக்கு’ என்பதை ‘கெ பாசார்’ என்றும் நாள்தோறும் சொல்லி வருகின்றனர்.

உருபைக் கேளாது பொருளைக் கேட்டல்

பிழை பிறக்கும் இடம், ஓர் உருபுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று இணை வகுப்பதே. நம் இலக்கண நூல்களோ உருபைச் சொல்வதோடு நில்லாமல் அதன் பொருள்களையும் பிரித்துக் காட்டுகின்றன. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனும் பொருள்கள் உண்டு. ‘கத்தியால் வெட்டினேன்’ என்பதில் கத்தி கருவி. ‘இம்மடல் கண்ணனால் எழுதப்பட்டது’ என்பதில் கண்ணன் கருத்தா. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்பது உடனிகழ்ச்சி. இனி ஆங்கிலத்தை நோக்கினால், கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் ‘வித்’, கருத்தாவுக்குப் ‘பை’ என்பது தெளிவாகும். பேருந்தில் வந்ததைப் ‘பை பஸ்’ என்பது பயணத்திற்குரிய தனி வழக்கு. மாணவரிடம் “கத்தி வெட்டியதா, கத்தியைக்கொண்டு நீ வெட்டினாயா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், திருத்தம் அவரிடமிருந்தே வரும்.

நான்காம் வேற்றுமையும் அவ்வாறே. ‘ஏழைக்குக் கொடுத்தார்’ என்பது கொடைப்பொருள், ஆங்கிலத்தில் ‘டு’. ‘கூலிக்கு வேலை செய்தார்’ என்பது பொருட்டுப் பொருள், ஆங்கிலத்தில் ‘ஃபார்’. ‘பாம்புக்குப் பகை கீரி’ என்பது பகைப்பொருள், ஆங்கிலத்தில் ‘ஆஃப்’.

நாம் வாழும் நிலப்பரப்பிலிருந்தே இன்னொரு சான்று காட்டலாம். உட்லண்ட்ஸ் சிங்கப்பூரின் வடக்கில் உள்ளது. ஜோகூர் பாரு சிங்கப்பூருக்கு வடக்கில் உள்ளது. உள்ளிருப்பதையும் எல்லைக்கு வெளியிருப்பதையும் தமிழ் உருபு மாற்றத்தால் வேறுபடுத்துகிறது. ஆங்கிலமும் முன்னதை ‘இன் த நார்த்’ என்றும், பின்னதை ‘டு த நார்த்’ என்றும் வேறுபடுத்துகிறது. கால அளவிலும் இதனைக் காணலாம். ‘மூன்று ஆண்டுகளாக’ என்பது நீளத்தைச் சொல்கிறது, அதற்கு ‘ஃபார்’. ‘2020 முதல்’ என்பது தொடக்கத்தைச் சொல்கிறது, அதற்குச் ‘சின்ஸ்’. ‘சின்ஸ் த்ரீ யியர்ஸ்’ என எழுதும் மாணவர், தம் தாய்மொழி ஏற்கெனவே கற்பித்த வேறுபாட்டையே மறந்துவிடுகிறார்.

எல்லா இடத்திலும் தமிழ் இவ்வாறு கைகொடுக்கும் என்று சொல்வது நேர்மையாகாது. ‘நிறுத்தத்தில்’, ‘பேருந்தில்’, ‘காரில்’ என மூன்றிடத்தும் நாம் ‘இல்’ என்ற ஒன்றையே ஆள்கிறோம். ஆங்கிலமோ நிறுத்தத்தை ஒரு புள்ளியாகக் கருதி ‘அட்’ என்கிறது. எழுந்து நடக்கத்தக்க பேருந்துக்கும் இரயிலுக்கும் ‘ஆன்’ என்கிறது. உள்ளே அடங்கி அமரும் காருக்கு ‘இன்’ என்கிறது. இப்பார்வையைப் புதிதாகவே பழக வேண்டும். இசையைக் கேட்டலுக்கு ‘லிசன் டு’ என்பதும், ஒன்றைப் பற்றி விவாதித்தலுக்கு ‘டிஸ்கஸ்’ எனும் வினையே போதும், ‘அபௌட்’ வேண்டா என்பதும் வினையோடு சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டிய வழக்குகள்.

‘உம்’ எல்லாம் ‘அண்ட்’ அல்ல

தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறது. அவற்றுள் நான்கைக் காண்போம். ‘அண்ணனும் தம்பியும் வந்தனர்’ என்பது எண்ணும்மை. இங்கே ‘அண்ட்’ வரும். தமிழில் உம்மை ஒவ்வொரு பெயரோடும் வர, ஆங்கிலத்தில் இறுதிப் பெயருக்கு முன் ஒருமுறை வருதலே போதும். ‘தம்பியும் வந்தான்’ என்பது எச்சவும்மை. இதற்கு ‘டூ’ அல்லது ‘ஆல்ஸோ’. ‘குழந்தையும் அறியும்’ என்பது சிறப்பும்மை, இதற்கு ‘ஈவன்’. ‘மூவரும் வந்தனர்’ என்பது முற்றும்மை. இதற்கு ‘ஆல் த்ரீ’.

தொடர்களை இணைப்பதில் தமிழ் வினையின் ஈற்றையே கருவியாகக் கொள்ளும். ‘மழை பெய்தால்’, ‘மழை பெய்ததால்’, ‘மழை பெய்தாலும்’ எனச் சிறு மாற்றங்களால் நிபந்தனையும் காரணமும் முரணும் புலப்படும். ஆங்கிலத்தில் இப்பொருள்கள் ‘இஃப்’, ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ எனத் தொடரின் தலைப்பில் நிற்கும். ‘ஆல்தோ’ என்று தொடங்கி நடுவில் ‘பட்’ என்றும் எழுதும் மாணவரிடம், அதனைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘மழை பெய்தாலும் ஆனால் அவர் வந்தார்’ என்று வரும்போது அவர் செவியே அதனை ஏற்காது. முரணை ஒருமுறை காட்டினால் போதும் என்பது இரு மொழிக்கும் பொது.

உணர்ச்சிக்கு அகராதி போதாது

வியப்பிடைச்சொற்கள் தொடரின் கட்டமைப்பில் சேராமல் தனித்து நிற்பவை. ஆதலின் விதிகள் குறைவு. இங்கு அறியவேண்டியது இடமறிந்து ஆளுதல். ‘அலாஸ்’ என்பதற்கு ‘ஐயோ’ என்று பொருள் எழுதிக் கொடுப்பது வழக்கம். ‘அந்தோ’ என்று எழுதுவதே பொருத்தம். இரண்டும் ஏட்டு வழக்கின, வீதியில் ஒலிப்பதில்லை. ‘ஐயோ’ என்பதோ இங்கு மூவின மக்களின் வாயிலும் வழங்கும் ஒலி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் 2016ஆம் ஆண்டில் அதனைப் பதிவு செய்துள்ளது. உரையாடலில் அதனை ஆளலாம்; விண்ணப்பக் கடிதத்தில் ஆளலாகாது.

அரைகுறைத் தமிழே தடை

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. இன்று பல குழந்தைகள் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வருகின்றனர். ‘ஃபார்’ என்றால் ‘கு’ என்று கொண்டு, ‘மூன்று ஆண்டுகளுக்கு இங்கு வசிக்கிறேன்’ என எழுதுகின்றனர். ஆப்பிளைப் ‘பை’யால் வெட்டிய மாணவரின் பிழையும் இப்பிழையும் திசை மாறிய ஒரே பிழை. இதனால் விளங்குவது யாது? ஒரு மொழி மற்றொன்றைக் கெடுப்பதில்லை. பொருளை உணராமல் சொல்லுக்குச் சொல் மாற்றும் பழக்கமே இரண்டையும் கெடுக்கிறது.

ஆதலின் வீட்டில் தமிழைக் குறைப்பது இப்பிழைக்கு மருந்தாகாது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மாணவரின் இரு ஏடுகளையும் சேர்த்து வைத்து நோக்கினால், பாதிப் பிழைகளின் வேர் அங்கே தெரியும். ‘கருவியா, கருத்தாவா?’ என்னும் ஒரு கேள்வியைக் கேட்கக் கற்ற குழந்தை, இரு மொழியிலும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.