மலைக்கு மரம் நடப் போறீங்களா? ஒரு நிமிஷம்... அங்கே பிடுங்கத்தான் ஆள் வேணும்!

“ஞாயிறு காலை 5 மணிக்கு வேன் கிளம்பும். டி-ஷர்ட் தருவோம், சாப்பாடும் உண்டு. ஊட்டியில் மரம் நடுறோம், வர்றீங்களா?”

மழை சீசன் தொடங்கினால் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு மெசேஜ் சுற்ற ஆரம்பித்துவிடும். நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், அந்த வேன் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீலகிரியின் மேல்மலையில், வெறும் புல்லாகத் தெரியும் சரிவு ஒன்றில் நீங்கள் நடும் மரக்கன்று அந்த மலைக்கு உதவியே இல்லை. உபத்திரவம்!

ஏன் அப்படி? மலைக்கு நிஜமாகவே உதவ நினைப்பவர் வேறு என்ன செய்யலாம்?

புல்வெளி என்றால் காலி இடமா?

இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டருக்கு மேலே நீலகிரி, பழநி, ஆனைமலைப் பகுதிகளின் இயல்பான தோற்றமே வேறு. மடிப்புகளிலும் பள்ளத்தாக்குகளிலும் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைக்காடு. அதைச் சுற்றி மேடெல்லாம் புல்வெளி. மரத்தை வெட்டியதால் வந்த புல் இல்லை இது. நீலகிரிச் சதுப்புகளின் அடிமண்ணில் புதைந்திருக்கும் மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளாகவே இங்கே புல்வெளி இருந்துவருவதைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது இந்தப் புல்லில்தான். தோடர்களின் எருமைகள் மேய்வதும் இங்கேதான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் இதுதான் வீடு. 2022 டிசம்பரில் தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் ‘நீலகிரி வரையாடு திட்டம்’ அறிவித்தது. 2024-ல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் புல் மிஞ்ச வேண்டும்.

அப்புறம் அங்கே இவ்வளவு மரம் எப்படி வந்தது?

ஆங்கிலேயர் ஆட்சியில் புல்வெளிக்கு வைத்த பெயர் ‘தரிசு’. விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் ஆலைகளின் தேவைக்காகப் புல்வெளிகளில் இவை பெரிய அளவில் நடப்பட்டன. அதாவது, அன்றைக்கும் நடந்தது ‘மரம் நடும் திட்டம்’தான்!

சிக்கல் என்னவென்றால், சீகை நட்ட இடத்தில் நிற்காது. வெட்டினால் துளிர்க்கும். விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீ பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ கூட்டமாக முளைக்கும். ரீல்ஸ் எடுக்கத் தோன்றும் அளவுக்கு மஞ்சளாகப் பூக்கும் ‘ஸ்காட்ச் புரூம்’ புதரும் இதே ரகம். கீழே முதுமலை, கூடலூர் பக்கம் உண்ணிச்செடி காட்டின் அடித்தளத்தையே மூடிக்கொண்டு, யானைக்கும் மானுக்கும் தீவனம் இல்லாமல் செய்கிறது.

சரி, இதில் நமக்கு என்ன வந்தது?

தண்ணீர்! கோவை மாநகரின் முக்கியக் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று பில்லூர் அணை. அது நிற்பது பவானி ஆற்றில். அந்த ஆறு பிறப்பது இந்த மேல்மலைப் புல்வெளிகளில். மழையை உறிஞ்சிக்கொண்டு, வெயில் காலத்திலும் ஓடைகளில் கசியவிடுவது புல்லும் அதற்கடியில் இருக்கும் கரிய மண்ணும் சோலையும்தான்.

மரம் நட்டால் தண்ணீர் கூடும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? ஊட்டி அருகே கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை வைத்து மண் வள ஆராய்ச்சியாளர்கள் நெடுங்கால ஆய்வு ஒன்றைச் செய்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் அது சுமார் 25 சதவீதமாகக் கூடியது.

ஆகவே, ‘மரம் நல்லதா கெட்டதா’ என்பது தவறான கேள்வி. ‘எந்த மரம், எந்த இடத்தில்?’ என்பதுதான் கேள்வி. சமவெளி ஏரிக்கரையில் புண்ணியமாக இருக்கும் வேலை, மேல்மலையில் பாவமாகிவிடும்.

வாரக்கடைசித் தன்னார்வலர் என்ன செய்யலாம்?

முதல் வேலை பிடுங்குவது. பெரிய மரங்களை அகற்றுவது வனத்துறையின் பொறுப்பு. நாம் கோடரியோடு கிளம்பக் கூடாது. ஆனால், அகற்றிய இடத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைக்கும் சீகைக் கன்றுகளும் புரூம் செடிகளும் முழங்கால் உயரத்துக்குள்தான் இருக்கும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு கையில் வந்துவிடும். கையுறை போட்ட இருபது பேர் ஒரு பகல் வேலை செய்தால் ஒரு சின்னச் சரிவு சுத்தமாகும். பூத்து விதை விழுவதற்கு முன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நாற்றங்கால். சோலை மரக் கன்றுகளையும் உள்ளூர்ப் புல் வகைகளையும் வளர்க்கும் நாற்றங்கால்கள் மலையில் இயங்குகின்றன. கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட் இந்த வேலையை நெடுங்காலம் செய்தது. பை நிரப்புவது, புல் தூர்களைப் பிரித்து நடுவது, களையெடுப்பது எல்லாம் போட்டோவுக்குச் சுமாரான வேலைதான். ஆனால், இதற்குத்தான் ஆள் பற்றாக்குறை.

அப்போ கண்ணில் படும் சீகையை எல்லாம் ஒழிச்சுடலாமா என்றால், அதுவும் கூடாது. பழைய சீகைத் தோப்பு சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. அங்கே மொட்டையடித்தால் அந்தக் கன்றுகளும் போய்விடும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று முடிவெடுக்க அந்த மலையைத் தெரிந்தவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

குப்பை பொறுக்கினால் போதுமா?

பொறுக்குவது நல்லது. ஆனால், மறுவாரமே அதே இடத்தில் அதே குப்பை கிடக்கும். 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு மாற்றம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறை. காட்டில் வீசப்படும் கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்பதுதான் வழக்கின் மையம். பாட்டிலுக்கு விலை வைத்ததும் பாட்டில் கடைக்கே திரும்பி வந்தது.

ஆகவே, குப்பை பொறுக்கும் குழுக்கள் மூட்டைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், உள்ளே என்ன இருந்தது என்றும் எழுதி வைக்கலாம். எந்தப் பாக்கெட் எத்தனை, எந்த வளைவில் அதிகம் என்ற பட்டியல் கையில் இருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் பேச ஒரு ஆதாரம் கிடைக்கும்.

குனிந்து வேலை செய்ய முடியாதவர்களுக்கு?

பறவைகளை எண்ணலாம். பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பு என இரண்டும் ஆண்டுதோறும் நடக்கின்றன. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் ‘இ-பேர்டு’ செயலியில் பதிந்தால் போதும். நீலகிரி நெட்டைக்காலி மாதிரியான புல்வெளிப் பறவை ஒன்று எங்கே இருக்கிறது, எங்கே காணாமல் போனது என்று அறிய, ஆண்டுக்கணக்கில் சேரும் இந்தப் பதிவுகள் உதவுகின்றன.

அனுமதி விஷயத்தில் விளையாட வேண்டாம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் ஆன்லைன் முன்பதிவோடு திறக்கப்பட்டன. வழிகாட்டிகளாக வருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ‘சேவை செய்யத்தானே வந்தோம்’ என்பது அங்கே எடுபடாது. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. கிளம்பும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா? தனியார் நிலமென்றால் உரிமையாளர் சம்மதித்திருக்கிறாரா?

2. நடுவது என்ன செடி? அந்த இடம் இதற்கு முன் புல்வெளியா, சோலையா? ‘ஏதோ நாட்டு மரம்’ என்று பதில் வந்தால் உஷார்.

3. உள்ளூர்க்காரர்கள் இதில் யார்? வேலையைத் திட்டமிடுபவர்களா, டீ போட்டுத் தருபவர்கள் மட்டும்தானா?

4. அடுத்த ஆண்டு இதே இடத்துக்கு யார் வருவார்கள்? பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்கும். நட்ட கன்றுக்குக் களையெடுக்க வேண்டும்.

5. திரும்பும்போது ஷூவைக் கழுவ ஏற்பாடு உண்டா? அடியில் ஒட்டிய சேற்றோடு களை விதையும் அடுத்த சரிவுக்குப் பயணம் போகும்.

இந்த ஐந்தில் நாலாவதுதான் முக்கியம். ஆளுக்கொரு மலையாக ஒவ்வொரு வாரமும் மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஒரே சரிவுக்கு ஐந்து மழைக்காலம் திரும்பத் திரும்பப் போகும் பத்துப் பேரால்தான் புல் திரும்பி வரும். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ஆண்டுக்கான தேதியையும் இப்போதே காலண்டரில் போட்டு வையுங்கள்.