பழைய கம்ப்யூட்டர்: செப்பனிடுவதா, மாற்றுவதா?

போனஸ் பணத்தை எடுக்குமுன் ஒரு கணக்கு

(நமது மும்பை நிருபர்)

தீபாவளிக்கு முன் போனஸ் கைக்கு வரும் நாட்களில் நம்மவர் வீடுகளில் நடக்கும் ஆலோசனைகள் பல. ஊருக்கு டிக்கெட், பிள்ளைகளுக்குத் துணி, பெண்ணின் பெயரில் ஒரு கிராம் தங்கம், ஊரில் இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று பட்டியல் நீளும். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. "பெட்டி திணறுகிறதே, இதையே சரி செய்து ஓட்டலாமா, வேறு வாங்கிவிடலாமா?" என்ற கேள்வியை மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் கேட்காத வீடு குறைவு.

ரயில்வே ஊழியருக்கு 2025-ல் அறிவிக்கப்பட்ட 78 நாள் போனஸின் உச்சத் தொகை ரூ. 17,951. உருப்படியான ஒரு புதிய லேப்டாப்புக்கு அது போதாது. மீதிக்குக் கடனோ தவணையோதான் வழி. அதே சமயம், பழைய பெட்டியில் ஐயாயிரம் ரூபாயைக் கொட்டிவிட்டு ஆறே மாதத்தில் அது படுத்துவிட்டால் பணமும் போச்சு, பெட்டியும் போச்சு. நம் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. நிதானமாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தது. திருத்தம் நின்றுவிட்டது என்பதற்காகப் பெட்டி ஓடாமல் நின்றுவிடாது. ஆனால் பூட்டுப் பழுதான வீட்டில் குடியிருப்பது போல அது. பாங்குக் கணக்கு, பி.எப். கணக்கு, ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் அந்தப் பெட்டியிலேயே பார்ப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. மெமரி 4 ஜி.பி.யாவது வேண்டும். டிஸ்க்கில் 64 ஜி.பி. இடம் வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை முதலானதோ ஆக இருக்க வேண்டும். மெமரியையும் டிஸ்க்கையும் நாம் கூட்டிக்கொள்ளலாம். பிராசசரை அப்படி மாற்ற முடியாது. மாற்றினால் மதர்போர்டையும், பல சமயம் மெமரியையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். எட்டாவது தலைமுறை 2017-ல் வெளிவந்தது. ஆகவே சுமாராகச் சொன்னால், 2018-க்கு முன் வாங்கிய பெட்டி ஒரு பக்கம், பின் வாங்கியது மறு பக்கம்.

இந்த நிபந்தனைகளை ஏமாற்றிப் பழைய பெட்டியிலும் விண்டோஸ் 11 ஏற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் திருத்தங்கள் வருவதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. எதற்காக மாற்றுகிறோமோ அதற்கே உத்தரவாதமில்லாத வேலைக்குக் கூலி கொடுப்பானேன்?

பெட்டியைக் கண்டம் செய்யும் முறை

ரயில்வேயில் ஒரு கோச்சை அவ்வளவு சுலபத்தில் கண்டம் செய்துவிட மாட்டார்கள். பெரம்பூர் ஐ.சி.எப். வகைக் கோச்சுகளுக்கு ஆயுள் 25 ஆண்டு என்று கணக்கு. நடு வயதில் அவற்றைப் போபால் புனரமைப்புப் பணிமனை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே இருக்கை, தரை, ஒயர் எல்லாவற்றையும் கழற்றி, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதியது பொருத்தி, மறுபடி ஓட விடுவார்கள். அடிச்சட்டம் நன்றாக இருக்கும்வரை செலவழிப்பதில் நியாயமுண்டு. அடிச்சட்டமே அரித்துவிட்டால் புது இருக்கை போட்டு என்ன பயன்?

கம்ப்யூட்டருக்கு அடிச்சட்டம் மதர்போர்டும் பிராசசரும். டிஸ்க், மெமரி, கீ-போர்டு, மானிட்டர் எல்லாம் இருக்கைகளும் மின்விசிறிகளும் போல. கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நோய் எது?

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெட்டி திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் நோய் டிஸ்க்கில். மெமரி தொண்ணூறைத் தொட்டால் மெமரி போதவில்லை. சாதாரண வேலைக்கே பிராசசர் எப்போதும் நூறில் நின்றால், வைரஸ் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், அது வயதின் கோளாறு என்று கொள்ளலாம்.

மெதுவாகிப்போன பெட்டிகளில் பலவற்றுக்கு நோய் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதனுள்ளே தட்டு சுழல, முள் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. கேட்டதும் எடுத்துத் தரும். இது ஒன்றை மாற்றினாலே, ஐந்து நிமிஷம் விழித்தெழும் பெட்டி அரை நிமிஷத்தில் எழுந்துவிடும்.

இன்னும் சில்லறை நோய்களும் உண்டு. தினமும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, பாங்கு வெப்சைட் திறக்க மறுக்கிறது என்றால் மதர்போர்டில் உள்ள காசு அளவு பாட்டரி தீர்ந்திருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்விசிறி இரைந்து, பெட்டி சுட்டு, தானே அணைந்தால் உள்ளே தூசி. மும்பைத் தூசியும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் ஆயிரக் கணக்கில் செலவில்லை.

மூன்று வீடு, மூன்று முடிவு

முலுண்டில் தனியார் கம்பெனி குமாஸ்தா ஒருவர். 2019-ல் வாங்கிய லேப்டாப், எட்டாவது தலைமுறை பிராசசர், 4 ஜி.பி. மெமரி, ஹார்டு டிஸ்க். "தள்ளிவிட்டு வேறு வாங்குங்க சார்" என்றது கடை. சோதித்துப் பார்த்தால் டிஸ்க் நூறில் நின்றது. ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு 8 ஜி.பி. மெமரி, அவ்வளவுதான். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறக் கட்டணம் கிடையாது. அந்த லேப்டாப் இன்றும் ஓடுகிறது. இது செப்பனிட வேண்டிய வகை.

ஆண்டாப் ஹில் குவார்ட்டர்ஸில் இன்னொருவர். பெண் பி.காம். படிக்கிறாள். டாலி பழக வேண்டும், ஆன்லைன் வகுப்பு வேண்டும். வீட்டில் இருப்பது 2014-ல் வாங்கிய நான்காவது தலைமுறைப் பெட்டி. இதில் மெமரி சேர்த்தாலும் எல்லைக்கோட்டைத் தாண்ட முடியாது. அதற்குரிய டி.டி.ஆர்.3 மெமரி அடுத்த பெட்டியில் பொருந்தவும் பொருந்தாது. அலுவலகங்களிலிருந்து கழித்து வந்த எட்டாவது தலைமுறை டெஸ்க்டாப் ஒன்றைப் பில்லோடு வாங்கினார். பழைய மானிட்டர், கீ-போர்டு, யு.பி.எஸ். மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டதால் போனஸுக்குள் காரியம் முடிந்தது. கடன் இல்லை. இது மாற்ற வேண்டிய வகை.

மூன்றாவது, தாராவியில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், மனு எல்லாம் அவரிடம்தான். பழைய பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள், பாரலல் போர்ட்டில் மாட்டும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மெக்கானிக் பையன், "அண்ணாச்சி, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருங்க" என்றான். "வாங்கிரலாம் தம்பி. இருபது வருஷத்துப் பத்திரிகை எல்லாம் இதுல இருக்கு. புது மிஷின்ல ஒண்ணும் திறக்கலேன்னா யாரு பொறுப்பு?" என்றார் அண்ணாச்சி.

அவர் கேட்டது நியாயம். பெட்டியை மாற்றினால் அவருடைய பிழைப்பே நின்றுபோகலாம். முடிவில் பழைய பெட்டியின் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அது இனி டைப்பிங்குக்கு மட்டும். ஆதார், பான், மின் கட்டணம் போன்ற நெட் வேலைக்கு விலை குறைந்த இரண்டாவது பெட்டி ஒன்று. பழைய டிஸ்க் எந்த நாளும் போகலாம் என்பதால் அதிலுள்ள அத்தனையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கப்பட்டது. செப்பனிடாமல், மாற்றாமல், வேலையைப் பிரித்துக் கொடுத்தது இந்த வகை.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்புகள் அண்ணன் மகன், தங்கை மகள் கையோடு மும்பைக்கும் வந்திருக்கின்றன. இவற்றில் லினக்ஸ் ஏற்றினால் கடிதம் எழுதவும் இன்டர்நெட் பார்க்கவும் பிள்ளைகள் பாடம் படிக்கவும் இன்னும் சில ஆண்டு உதவும். லினக்ஸ் மின்ட் இலவசம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இலவசம். தமிழ் யூனிகோடு எழுத்து அவற்றில் சுகமாக வரும். ஆனால் டாலி, பேஜ்மேக்கர் போன்ற விண்டோஸ் புரோகிராம்களை நம்பியிருப்பவர்களுக்கு இது சரிப்படாது.

கடைத்தெருவில் கவனிக்க வேண்டியவை

மும்பையில் இந்தச் சரக்குக்கு லாமிங்டன் ரோடு. மாதுங்கா, சயான் பக்கத்தவர்கள் தாதரில் மாறி, மேற்கு ரயில்வே ஸ்லோ லோக்கலில் கிராண்ட் ரோடு இறங்கினால் நடை தூரம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. டில்லி அன்பர்களுக்கு நேரு பிளேஸ், பெங்களூர் அன்பர்களுக்கு எஸ்.பி. ரோடு.

"ஐ5 மிஷின் சார்" என்று சொன்னதும் மயங்கிவிட வேண்டாம். 2011-ல் வந்த இரண்டாவது தலைமுறைக்கும் பெயர் ஐ5தான். முழு எண்ணைக் கேளுங்கள். ஐ5-2400 என்றால் இரண்டாவது தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டாவது, ஐ5-10400 என்றால் பத்தாவது. ஒன்று என்று தொடங்காத நான்கு இலக்கமானால் முதல் எண்ணும், ஒன்று என்று தொடங்கும் நான்கு அல்லது ஐந்து இலக்கமானால் முதல் இரண்டு எண்ணும் தலைமுறையைச் சொல்லும். கடையிலேயே பெட்டியை ஓடவிட்டு, விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, டி.பி.எம். டாட் எம்.எஸ்.சி. என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் அந்தப் பாதுகாப்பு அமைப்பு 2.0-தானா என்பதும் தெரிந்துவிடும். பில்லும் வாரண்டியும் எழுத்தில் வேண்டும். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் கிறுக்கித் தருவது பில் ஆகாது.

மெமரி வாங்குபவர்கள் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மெல்லிய லேப்டாப்புகள் சிலவற்றில் மெமரியைப் பற்ற வைத்தே விடுகிறார்கள். அவற்றில் கூட்டவே முடியாது. 32 பிட் விண்டோஸ் இருக்கும் பெட்டியில் 4 ஜி.பி.க்கு மேல் போட்டாலும் பயனில்லை. 2025 பிற்பகுதியில், ஏ.ஐ. கம்ப்யூட்டர் நிலையங்களுக்கான கிராக்கியால் மெமரி விலை மளமளவென ஏறியது. ஆகையால் போன வருஷம் நண்பர் சொன்ன விலையை நம்பிக் கிளம்பாமல், நான்கு கடையில் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

முடிவாக ஒரு சூத்திரம்

மெக்கானிக்குகளையும் அனுபவஸ்தர்களையும் விசாரித்ததில் தேறுகிற கணக்கு இது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள பெட்டியானால், உதிரிப் பாகமும் கூலியும் சேர்ந்து ஒரு நல்ல பழைய பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டாதவரை செப்பனிடலாம். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமானால், அடுத்த பெட்டிக்கும் எடுத்துச் செல்லக்கூடிய பொருளுக்கு மட்டும் செலவழியுங்கள். எஸ்.எஸ்.டி., மானிட்டர், கீ-போர்டு கூடவே வரும். பழைய ரக மெமரியும் மதர்போர்டு ரிப்பேரும் வராது. மதர்போர்டே நோயாளி என்று தெரிந்தால் ஒரு ரூபாயும் வேண்டாம்.

எந்த முடிவானாலும், திருப்புளியைக் கையில் எடுக்குமுன் போட்டோ, சர்டிபிகேட், பி.எப். காகிதங்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் அன்றைக்கே செய்யுங்கள். பெட்டியை மறுபடி வாங்கலாம், தாயார் போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கழித்த பெட்டியை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். அழித்த பைல்களையும் மீட்டெடுக்க வழியுண்டு. டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒயரைத் தாமிரத்துக்காக எரித்தால் வரும் புகை எரிப்பவன் நெஞ்சைத்தான் முதலில் அரிக்கும். 2023 ஏப்ரலிலிருந்து அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சேர்ப்பதே முறை.

மினுமினுக்கும் விளம்பரமும் பக்கத்து வீட்டுப் புது லேப்டாப்பும் நம்மை அவசரப்படுத்தும். அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காமல், வீட்டில் அந்தப் பெட்டியால் ஆக வேண்டிய வேலை என்ன என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பாதிப் பதில் அந்தக் காகிதத்திலேயே கிடைத்துவிடும்.