கதிரியக்க மருந்தை யார் அளிக்கலாம்?

தைராய்டு புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிரியக்க அயோடின்-131 பார்வைக்கு எளிய மருந்தே. ஆயினும் எல்லா மருத்துவரும் அதை அளித்துவிட இயலாது. இந்தியாவில் அணு மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. போன்ற தகுதி பெற்ற மருத்துவரே அதன் அளவைத் தீர்மானித்து வழங்குவார். மருத்துவமனையும் 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வாரியத்தின் ஒப்புதல் பெற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் அங்கு இருத்தல் வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடுகள் ஏன்? விழுங்கிய மருந்தைத் திரும்பப் பெற இயலாது. அதன் கதிரியக்கம் இயல்பாகப் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 8 நாட்கள் ஆகும். சிகிச்சை பெற்றவரின் உடலிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சு அருகில் இருப்போரையும் சென்றடையும். ஆகவே கருவுற்றிருத்தல், பாலூட்டுதல், வீட்டிலுள்ள குழந்தைகள் ஆகியவை பற்றி மருத்துவர் வினவும்போது எதையும் மறைக்காதீர்கள். அவருடைய தகுதியைக் கேட்டறியவும் தயங்காதீர்கள். அது தங்கள் உரிமை.