படகு இழுக்க ஒரு பழைய எஸ்யூவி

அமெரிக்காவில் சின்னப் படகு வாங்கிட்டு செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி தேடுறவங்க முதலில் கேட்பது, எத்தனை பவுண்டு இழுக்கும் என்று. நான் அதைக் கடைசியாத்தான் பார்ப்பேன். 16 அடி அலுமினியப் படகு, மோட்டார், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 2,000 பவுண்டு பக்கம்தான் வரும். டொயோட்டா ஃபோர்ரன்னர் 5,000 இழுக்கும்.

உண்மையில் அடிவாங்குவது கியர்பாக்ஸ். பாரம் இழுக்கும்போது அதன் எண்ணெய் சூடேறிக் கெட்டுப்போகும். டிப்ஸ்டிக் இருந்தா உருவி முகர்ந்து பாருங்க (பல புது வண்டிகளில் இருக்காது, மெக்கானிக்கிடம்தான் போகணும்). கறுத்து, தீஞ்ச வாடை வந்தா, விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டரில் வேறொரு வம்பு. கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அதில் விரிசல் விட்டா கூலன்ட் எண்ணெயோடு கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி ஆயிடும். கியர்பாக்ஸ் காலி. ரேடியேட்டர் மாத்தின ரசீது இல்லாம அந்த வண்டிப் பக்கமே நான் போக மாட்டேன்.

அப்புறம் தரையில் படுத்து அடிப்பக்கம் பாருங்க. படகு இறக்கும்போது பின்சக்கரம் தண்ணீர் விளிம்பு வரை போகும். முன்னாடி சுத்தம், பின்னாடி மட்டும் பிரேக் குழாயிலும் சேசிஸிலும் துரு என்றால், உப்புத் தண்ணீர் பார்த்த வண்டியா இருக்கலாம்.

பாசி பிடிச்ச சரிவில் படகோடு மேலேறும்போது எடை பின்னால் சாயும், முன்சக்கரம் வழுக்கும். அதனால் ஹோண்டா பைலட் வாங்கினா ஆல் வீல் டிரைவ்தானா என்று கேட்டுக்குங்க. 2016 முதல் 2022 வரையான மாடலில் அது 5,000 இழுக்கும், முன்சக்கர டிரைவ் 3,500தான். வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.