ஒரு பானைக்கு ஒரு சோறு

மாத்திரையைச் சோதிப்பது ஒப்பீட்டளவில் எளிது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை. யாருக்கு எது போனது என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் பிரசவ அறையில் நர்ஸ் கை கழுவும் பழக்கத்துக்கு மாவு மாத்திரை எப்படிச் செய்வது?

உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 2014இல் தொடங்கிய ‘பெட்டர்பர்த்’ ஆய்வு இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டியது. சோதனைக்கு வந்தது உலக சுகாதார நிறுவனத்தின் 28 அம்சப் பட்டியல். தாய் உள்ளே வந்ததும், முக்கத் தொடங்கும் முன், குழந்தை பிறந்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன் என நான்கு இடங்களில் நின்று டிக் அடிக்க வேண்டும். கையுறை இருக்கிறதா? தொப்புள்கொடி அறுக்கச் சுத்தமான பிளேடு? மூச்சுவிடாத குழந்தைக்கான பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில்?

தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனால் அது சுவரிலேயே இருக்கும். அதனால் கூடவே ஒரு பயிற்றுநர் வந்தார். எட்டு மாதங்களில் 43 முறை. முதலில் வாரம் இருமுறை, பிறகு மெல்லக் குறைத்து மாதம் ஒருமுறை. பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதுபோல. தாள், பயிற்றுநர், மேலதிகாரியின் ஆதரவு எல்லாம் சேர்ந்ததுதான் இங்கே மருந்து. இப்படிப் பல கைகள் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குப் ‘பன்முகத் தலையீடு’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

காலையில் வந்த தாய்க்குப் பட்டியலைப் பார்த்த நர்ஸ், மதியம் வருபவருக்கு அதை மறந்துவிட முடியாது. எனவே ஆளுக்கு ஆள் சீட்டுப் போடாமல், நிலையத்துக்கு நிலையம் போட்டார்கள். ஒன்றுபோல இருந்த 120 சுகாதார நிலையங்கள் 60 ஜோடிகளாயின. ஜோடியில் ஒன்றுக்கே பயிற்சி. இது ‘தொகுதிவாரிச் சோதனை’.

இங்கேதான் கணக்கு வேடிக்கை காட்டுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே பானையிலிருந்து இன்னும் ஆயிரம் பருக்கை எடுத்தால் பக்கத்து அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? ஒரே நிலையத்தில் பிரசவித்தவர்களும் ஒரே பானைச் சோறு. அவர்களுக்குள் ஒற்றுமை நூற்றில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும், புள்ளியியலின் தராசில் 100 தாய்மார் 50 பேராகச் சுருங்குவார்கள்; 1,300 பேர் வெறும் 93! ஒரு கோடிப் பேரைச் சேர்த்தாலும் அந்த நிலையத்தின் எடை 100ஐத் தாண்டாது. கூட்ட வேண்டியது பருக்கையை அல்ல, பானையை.

மொத்தம் சுமார் 1.58 லட்சம் தாய்மார். பிரசவத்துக்குப் பின் போன் போட்டும், கிடைக்காவிட்டால் வீடு தேடிப் போயும் 99.7 சதவீதம் பேரின் நிலையை அறிந்தார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார்களா என்று கேட்டால்கூட இத்தனை பேர் பதில் சொல்வதில்லை.

சில நிலையங்களில் பார்வையாளர்கள் நின்று, செய்ய வேண்டியதில் எத்தனை நடந்தது என்று எண்ணினார்கள். இரண்டாம் மாதம் பயிற்சி பெற்ற இடங்களில் 72.8 சதவீதம், பெறாத இடங்களில் 41.7. பயிற்றுநர் போன பிறகு, பன்னிரண்டாம் மாதம் 61.7, 43.9. சரிந்தாலும் முன்னிலைதான்.

உயிர்கள்? முதல் ஏழு நாளில் குழந்தை இறப்பு, தாய் இறப்பு, தாய்க்குக் கடும் சிக்கல் மூன்றையும் சேர்த்து எண்ணினால் பயிற்சி பெற்ற பக்கம் 15.1 சதவீதம், பெறாத பக்கம் 15.3. சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

2017இல் வெளியான இந்த முடிவைத் தோல்வி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பார்வையாளர்கள் எண்ணியிராவிட்டால், ‘நர்ஸுகள் பட்டியலைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்’ என்று பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்போம். அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. சிக்கல் வேறெங்கோ இருந்திருக்கலாம். பட்டியல், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை நினைவூட்டியது. ஊசி போட்டும் ரத்தம் நிற்காதபோது எந்த வண்டியில், எந்த ஊருக்கு அனுப்புவது என்பது அந்தத் தாளுக்கு வெளியே கிடந்தது.