சிலிண்டர் கூறும் சரிதம்

கிளிநொச்சியிலே கண்டி வீதியோரம் சிறிது நேரம் நிற்போர், புத்தம் புதிய வாகனங்களின் நடுவே பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்று நிதானமாகச் செல்வதை எப்போதாவது காண்பர். முதியவர்கள் அதனைக் கண்டு முகமலர்வர். இளைஞர்களோ கைத்தொலைபேசியிற் படமெடுப்பர். ஆயினும், அதன் பொனற்றின் கீழே இருப்பது புகழ்பெற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினின் உடன்பிறப்பு என்பதை அறிந்தோர் சிலரே.

1952 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒஸ்ரின் கம்பெனியும் மொறிஸ் கம்பெனியும் ஒன்றிணைந்தன. அவ்விணைப்பின் பின்னர், ஒரே எஞ்சினைப் பல கார்களுக்குப் பொருத்தும் வழக்கம் வலுப்பெற்றது. 1954 இல் வெளிவந்த ஏ50 கேம்பிரிட்ஜ் என்னும் குடும்பக் காருக்கும், 1955 இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் 1489 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒரே இன எஞ்சினே அமைந்தது. இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 2⅞ அங்குலம். பிஸ்டனின் ஓட்டம் 3½ அங்குலம். எம்.ஜி.ஏ.க்கு இரண்டு காபரேட்டரும் உயர்ந்த அமுக்க விகிதமும் உண்டு. ஆகவே அதன் வலுவும் வேகமும் அதிகம். எனினும், அதனைப் புதுப்பிக்கும் வெளிநாட்டு அன்பரும், கேம்பிரிட்ஜைப் புதுப்பிக்கும் நம்மூர் மெக்கானிக்கும் எதிர்கொள்ளும் வினா ஒன்றே: இந்தச் சிலிண்டர் இன்னும் உதவுமா, உதவாதா?

நம் பகுதியில் இவ்வினாவுக்குத் தனியானதொரு பின்னணி உண்டு. 1990 இன் பின் நிலவிய பொருளாதாரத் தடையினால் பெற்றோல் இங்கே கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அந்நாளிலே சிறிதளவு பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அத்துடன் சிறிது தாவர எண்ணெய் கலப்பதும் உண்டு. நோயாளிகளும், கர்ப்பிணிப் பெண்களும், இடம்பெயர்ந்த குடும்பங்களும் அக்கார்களிலே சென்றனர். வெண்புகையும் நெடியும் பின்தொடர வந்த அக்கார்களை, அன்று பாடசாலை மாணவராயிருந்த நாம் மறந்தோமல்லோம்.

அச்சேவைக்கு எஞ்சின் ஒரு விலை கொடுத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய துளிகள் சிலிண்டர்ச் சுவரிற் படிந்து, அங்கிருக்கும் ஒயிற் படலத்தைக் கழுவி விடுகின்றன. கீழே வடிந்து எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்கின்றன. படலம் இழந்த சுவரிலே பிஸ்டன் ரிங்குகள் உலோகத்தோடு உலோகமாய் உராய்கின்றன. தேய்வு மிகுவதும், அமுக்கம் குறைவதும், நீலப்புகை எழுவதும் இதன் விளைவுகளே.

தந்தையார் விட்டுச்சென்ற கேம்பிரிட்ஜ் காரைப் புதுப்பிக்க விரும்பிய எமது நண்பர் ஒருவர், புகையைக் கண்டவுடன் புதிய ரிங்குகள் வாங்கிப் போட்டாற் போதுமென எண்ணினார். முதிய மெக்கானிக் ஒருவர் அவரைத் தடுத்தார். “தம்பி, ரிங் வாங்க முதல் சிலிண்டரை அளந்து பாருங்கோ. தேஞ்ச சிலிண்டருக்குப் புது ரிங் போட்டால் காசும் போகும், ரிங்கும் போகும்” என்பது அவர் வாக்கு. அவர் அன்று செய்து காட்டிய சோதனைகள் பழைய எஞ்சின் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படுவன.

முதலாவது, எஞ்சினைக் கழற்றுமுன் செய்வது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானியால் அளந்தார். குறைந்திருந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயிலை ஊற்றி மீண்டும் அளந்தார். அமுக்கம் உயர்ந்தால் குறை ரிங்கிலோ சுவரிலோ உள்ளது. உயராவிடின் வால்வையோ ஹெட் கஸ்கற்றையோ ஐயுறல் வேண்டும். நண்பரின் காரில் அமுக்கம் உயர்ந்தது.

இரண்டாவது, ஹெட்டைக் கழற்றியபின் விரலாற் செய்வது. மேல் ரிங் எட்டாத உச்சிப் பகுதி தேய்வதில்லை. அதன் கீழேயுள்ள பகுதி மிகத் தேய்கின்றது. ஆகவே இரண்டுக்குமிடையே ஒரு படி உண்டாகும். அதனை விரல்நுனி உணரும். அப்படியை நீக்காது புதிய ரிங்கைப் போட்டால், அது படியில் மோதி உடைதல் கூடும்.

மூன்றாவது, அளவை. உள்விட்ட மானி இருப்பின் ஒவ்வொரு சிலிண்டரையும் மூன்று ஆழங்களில், ஒவ்வோர் ஆழத்திலும் இரு திசைகளில் அளக்கலாம்; நான்கு சிலிண்டருக்கும் 24 அளவுகள். அது இல்லாதவிடத்து ஒரு ரிங்கும் பீலர் கேஜும் போதும். ரிங்கைப் பிஸ்டனால் நேராகத் தள்ளி, தேயாத அடிப்பகுதியில் அதன் வாய் இடைவெளியை அளத்தல் வேண்டும். பின் தேய்ந்த மேற்பகுதியிலும் அளத்தல் வேண்டும். அடியில் 0.010 அங்குலமும் மேலே 0.041 அங்குலமும் இருப்பின் வித்தியாசம் 0.031. அதனை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்திலே ஏறத்தாழ 0.010 அங்குலத் தேய்வு என்பது புலனாகும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்குமுள்ள தொடர்பை வகுப்பறையிற் படித்து மறந்தோர், கராச்சிலே அதன் பயனைக் காணலாம்.

இவ்வாறு அளந்தபோது நண்பரின் எஞ்சினில் ஒரு சிலிண்டர் அவ்வளவே தேய்ந்திருந்தது. 0.010 அங்குலம் பெரிதாகக் கடைந்தாற் போதுமென்றார் நண்பர். போதாது என்றார் மெக்கானிக். தேய்வு பெரும்பாலும் பிஸ்டன் அழுத்தும் பக்கத்திலேயே நிகழ்கிறது. கடைசலோ பழைய மையத்தைச் சுற்றியே நடைபெறல் வேண்டும். ஆதலின் ஒருபக்கத் தேய்வு மறைய விட்டத்தில் இருமடங்கு நீக்க வேண்டியதாயிற்று. நான்கு சிலிண்டரும் 0.020 பெரிதாகக் கடையப்பட்டு, அதற்கேற்ற பிஸ்டன்கள் வாங்கப்பட்டன.

இங்கேதான் பொறுப்பு உள்ளது. இவ்வெஞ்சினுக்கு 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் என நான்கு மிகையளவுகளே உண்டு. கடைந்த இரும்பை மீண்டும் ஒட்ட இயலாது. 0.040 ஐத் தாண்டினால் உள்ளே சிலீவ் போடுவதே வழி. ஆகவே, அளவாது கடைபவர் தம் பிள்ளைகளுக்குரிய பங்கையும் சேர்த்துச் செலவிடுகின்றார்.

புதிய ரிங்குகளையும் பெட்டியிலிருந்து எடுத்தவாறே மாட்டலாகாது. ஒவ்வொன்றையும் அதற்குரிய சிலிண்டரிலே வைத்து வாய் இடைவெளியைப் பார்த்தல் வேண்டும். இவ்வெஞ்சினுக்கு அது 0.008 முதல் 0.013 அங்குலம் வரை. குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிச் சுவரைக் கீறும். மிகுந்தால் வாயு கீழே கசியும். இரண்டாம், மூன்றாம் ரிங்குகள் சரிவுள்ளவை. மேற்பக்கக் குறியைத் தலைகீழாக்கிப் போட்டால் அவை ஒயிலை மேலேற்றும். வாய்கள் ஒரே நேர்கோட்டில் அமையாதவாறு திருப்பி வைப்பதும் அவசியம்.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரிலே பொறியியற் பீடமும், இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளன. அங்கு பயிலும் இளைஞரிடம் நுண்ணிய கருவிகள் உண்டு. முதிய மெக்கானிக்குகளிடமோ மண்ணெண்ணெய்க் காலத்தைக் கடந்துவந்த விரல்கள் உண்டு. இவ்விரு சாராரும் ஒரே எஞ்சினின் முன் நிற்கும் நாட்கள் இனி அதிகமில்லை. ஆதலின், வீட்டிலே பழைய கார் வைத்திருப்போர் அதனைப் பழுது பார்க்கும்போது பிள்ளைகளையும் அருகே நிறுத்துவாராக. அச்சிலிண்டர்ச் சுவரிலே உள்ள தேய்வு, நம் குடும்பங்கள் கடந்துவந்த ஆண்டுகளின் தேய்வுமன்றோ!